ஒரு பொட்டலம், ஆறு வேலை

சலவைத்தூளுக்கு இயற்கை மாற்று தேடுகிறவர்கள் முதலில் பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்து, துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

2019 டிசம்பர் முதல் வாரம். மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்திருந்தது. சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் பக்கம் அலை உள்வாங்கிய பிறகும் கரையில் வெள்ளை வெளேரென்று நுரை நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தொடர்ந்து நின்றது. பிள்ளைகள் அதற்குள் புகுந்து அள்ளி எறிந்து விளையாடினார்கள். பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். கிட்டே போகாதீர்கள், தோலுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையைக் காதில் வாங்கியவர்கள் குறைவு. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுத்துப் போனது. மழைநீரோடு ஆற்றில் இறங்கிய சாக்கடையும், அதில் கலந்திருந்த சோப்பும் சலவைத்தூளும் அலையில் கடைபட்டுப் பொங்கின என்பதுதான் கிடைத்த விளக்கம்.

ஓசூர்க்காரர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து, தென்பெண்ணையில் இறங்கி, கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்கிறது. அணையில் தண்ணீர் திறக்கும் நாளில் ஆற்றை மூடிக்கொண்டு நுரை கிளம்பும். காற்றடித்தால் பக்கத்து வயலில் போய் விழும். மேலே பெல்லந்தூரிலோ 2015ல் அந்த நுரை தீப்பிடித்தே எரிந்தது.

இந்த நுரையின் படங்களைப் பார்த்தவர்களின் கைதான் இன்று கடையில் பூந்திக்கொட்டைப் பையை எடுக்கிறது. பழத்தோலை ஊறவைத்த பயோ என்சைம், ‘கெமிக்கல் இல்லாத’ லிக்விட், துணிக்குள் போட்டுச் சுற்றவிடும் கொட்டை மூட்டை என்று மாற்றுகள் வரிசைகட்டி நிற்கின்றன. நல்ல நோக்கம், சந்தேகமில்லை. ஆனால் இவற்றை விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: எதற்கு மாற்று? ஆறு வெவ்வேறு வேலை பார்க்கும் ஒரு பொட்டலத்துக்கு ஒரே ஒரு கொட்டையை மாற்றாக வைத்தால் கொட்டையின் மேல் பழி விழும். மூன்றாம் மாதம் பழைய பாக்கெட் வீட்டுக்குத் திரும்பி வரும். எந்த அழுக்குக்கு எது வேண்டும், துவைத்த தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் மாற்று நிலைக்கும்.

பாக்கெட்டுக்குள் யார் யார்?

முதல் ஆள், எண்ணெய்ப் பிசுக்கைத் துணியிலிருந்து கிளப்பித் தண்ணீரோடு அனுப்புகிறவர். இந்த மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நம் நாட்டுச் சலவைத்தூள்களில் பெரும்பாலும் எல்.ஏ.எஸ். எனப்படும் பொருள் இந்த வேலையைச் செய்கிறது. இதன் மூலப்பொருள் மண்ணெண்ணெயிலிருந்தும் பென்சீனிலிருந்தும் வருகிறது. நம் மணலியிலேயே அது தயாராகிறது. இரண்டாமவர் தண்ணீரின் கடினத்தன்மையை முறிக்கிறார். பாஸ்பேட், ஜியோலைட், சலவை சோடா இவற்றில் ஒன்றோ இரண்டோ இதற்காகச் சேரும். மூன்றாவது, காரம்: வியர்வையின் கொழுப்பை இளக்க. நான்காவது, ரத்தம், பால், முட்டைக் கறைகளை வெட்டிப்போடும் நொதிகள். ஐந்தாவது, நிறம் போக்கும் பிளீச். ஆறாவது ஆளான ஒளிர்ப்பான் கொஞ்சம் வேடிக்கையானவர். அவர் அழுக்கைத் தொடுவதே இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுகிறார். நம் கண் அதை ‘பளிச்’ என்று படித்துக்கொள்கிறது. விளம்பரத்தில் வரும் வெண்மையில் பாதி இந்தக் கண்கட்டு வித்தைதான். இவர்கள் போக வாசனை இருக்கிறது. மலிவான தூளில் எடைக்காகச் சேர்க்கும் உப்பு வகைகளும் இருக்கின்றன.

இதில் நொதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இயற்கை’ என்ற சொல்லுக்காகத்தான் பாக்கெட்டைத் தூக்கி எறிகிறோம் என்றால், அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பதிலேயே இயற்கையானது இந்த நொதிதான். 1913ல் ஜெர்மனியின் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையச் சாற்றைத் துணி துவைக்கப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். இன்று அதே வேலைக்கான நொதிகளைப் பாக்டீரியாக்கள் உற்பத்தி செய்து தருகின்றன. இயற்கை, செயற்கை என்று கோடு கிழிப்பது நாம் நினைக்கிற அளவுக்குச் சுலபமாக இல்லை.

பெட்டிச் செய்தி: நுரைக்கும் ஒரு வரலாறு உண்டு

1888: லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்குகிறது.

1946: அமெரிக்காவில் டைட் அறிமுகம். பாஸ்பேட் சேர்த்ததால் கடின நீரிலும் துணி வெளுக்கிறது.

1959: இந்தியாவில் சர்ஃப் வருகிறது.

1961: ஆறுகளில் நுரை மலைபோல் குவிய, மக்காத சலவைப் பொருள்களுக்கு எதிராக மேற்கு ஜெர்மனி சட்டம் இயற்றுகிறது. கிளைகள் கொண்ட பழைய மூலக்கூறைப் பாக்டீரியாவால் தின்ன முடியவில்லை. தொழில்துறை நேர்ச் சங்கிலி கொண்ட எல்.ஏ.எஸ்.ஸுக்கு மாறுகிறது.

1969: அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் கிலோ 3 ரூபாய்க்கு நிர்மா விற்கத் தொடங்குகிறார். சலவைத்தூள் ஏழை வீட்டுக்குள்ளும் நுழைகிறது.

1991: சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்கு மண்பானைச் சின்னத்தோடு ‘ஈகோமார்க்’ திட்டத்தை இந்திய அரசு அறிவிக்கிறது. அந்தப் பானையைச் சலவைத்தூள் பாக்கெட்டில் பார்த்தவர்கள் இருந்தால் அதிர்ஷ்டசாலிகள்.

2013: வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பரஸ் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கடும் வரம்பு விதிக்கிறது.

களர்நிலத்துக் கூவல்

பாக்கெட் வருவதற்கு முன் இந்த ஆறு வேலையையும் யார் செய்தார்கள்? ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துச் செய்தார்கள். புறநானூற்றின் 311ஆம் பாட்டில், களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கும் புலைத்தி வருகிறாள். களர் என்றால் பயிர் விளையாத நிலம். அங்கே ஊறும் நீரில் சோடியத்தின் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கரைந்திருக்கும். அதாவது, இன்றைய பாக்கெட்டின் மூன்றாவது ஆள் அந்தக் கிணற்றிலேயே இருந்தார். பின்னாளில் சலவைத் துறைகளில் உவர்மண் இந்த வேலையைச் செய்தது. உவர்மண் கரைசலில் துணியை முக்கி, கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி, இரவு முழுக்க ஆவி ஏற்றுவதுதான் வெள்ளாவி. காரமும் சூடும் சேர்ந்து பிசுக்கை இளக்கும். காலையில் கல்லில் அடித்து அலசினால் அழுக்கு கழன்று வரும். வெயில் பிளீச் வேலையைப் பார்க்கும். வேட்டியின் பழுப்பை மறைக்கச் சொட்டு நீலம். பூந்திக்கொட்டைக்கு இந்த வரிசையில் ஓர் ஓரத்து இடம்தான். பட்டு, கம்பளி, நகை போன்ற மென்மையானவற்றுக்கு அதை எடுத்தார்கள். ஊர்த் துணி முழுவதையும் கொட்டையால் வெளுத்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை.

பூந்திக்கொட்டையைப் பட்டுக்கு ஒதுக்கியதில் வேதியியல் இருக்கிறது. சலவைத்தூள் கரைசல் நல்ல காரம். பட்டும் கம்பளியும் புரத நார்கள், காரம் பட்டால் நலியும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் இலேசான புளிப்புத்தன்மை கொண்டது. அதிலுள்ள சப்போனின் பிசுக்கைக் கிளப்பும், நாரைக் கடிக்காது. காஞ்சிபுரம் புடவைக்கு இதைவிடப் பாந்தமான பொருளைக் கடையில் தேடினாலும் கிடைக்காது. இந்த மரத்தின் பேரினப் பெயரான ‘சபிண்டஸ்’ என்பதற்கே இந்தியச் சோப்பு என்றுதான் பொருள்.

அதே கொட்டையை, சமையலறைத் துண்டும் பள்ளிச் சீருடையும் மெக்கானிக் கடைச் சட்டையும் கலந்து கிடக்கும் வாஷிங் மெஷினுக்குள் மூட்டை கட்டிப் போட்டால் என்ன ஆகும்? நம் வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான் ஓடுகின்றன. சப்போனின் வெந்நீரில் இறங்கும் அளவுக்குக் குளிர்நீரில் இறங்காது. காரம் இல்லை, நொதி இல்லை, பிளீச் இல்லை. ஆறில் ஒருவர் மட்டும், அவரும் அரைத் தூக்கத்தில். ‘எங்கள் வீட்டில் நன்றாகத்தானே வெளுக்கிறது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்று மிச்சம் இருக்கிறது: அடுத்த முறை கொட்டையும் போடாமல் வெறும் தண்ணீரில் ஓட விடுங்கள். ஒரு நாள் உடுத்திய சட்டையின் வியர்வை உப்பும் தூசியும் தண்ணீருக்கும் குலுக்கலுக்கும் கழன்றுவிடும். கொட்டைக்குக் கிடைத்த பெயரில் பாதி தண்ணீருக்குச் சேர வேண்டியது.

இதைப் பூந்திக்கொட்டையைப் பழிக்கச் சொல்லவில்லை. இதில்தான் நமக்கு வேண்டிய முதல் செய்தி இருக்கிறது. அன்றாடத் துணியில் பெரும்பகுதிக்கு அந்த ஆறு பேரும் தேவைப்படுவதில்லை. ஒரு நாள் உடுத்திய பருத்திச் சட்டைக்கும், கிரீஸ் படிந்த பேண்ட்டுக்கும் ஒரே அளவு தூளைக் கொட்டுவதுதான் வீண். நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கை அந்த வீணுக்கு உரம் போடுகிறது. முன்பக்கக் கதவு மெஷினுக்கான தூள்கள் வேண்டுமென்றே குறைவாக நுரைக்கும்படி செய்யப்படுகின்றன. துணி அவற்றிலும் வெளுக்கிறது. நுரை ஒரு விளம்பரம். நம் கண்ணுக்காக அது வருகிறது. இப்போதுள்ள தூளையே பாதியாகக் குறைக்கும் வீடு, தூளை விட்டுக் கொட்டைக்கு மாறி மூன்று மாதத்தில் திரும்பி வரும் வீட்டைவிட ஆற்றுக்கு நல்லது செய்கிறது.

கறைக்கு ஏற்ற கை

பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் மாற்றுகள் தாமாகவே வரிசைக்கு வருகின்றன. முதலில் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. பாறைப் பகுதியில் போர் போட்ட வீடுகளில் சோப்பு நுரைக்காமல் திரிந்து போவதற்கு இந்தக் கடினத்தன்மையே காரணம். அங்கே துணிக்கு முன்பாகத் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். ஒரு கரண்டி சலவை சோடாவை முதலில் கரைத்தால் சுண்ணாம்புச் சத்து படிந்து ஒதுங்கும். அதன் பிறகு தேங்காய் எண்ணெய்ச் சோப்பும் நுரைக்கும், கழுத்துப்பட்டைப் பிசுக்கும் போகும். சலவை சோடாவையும் சமையல் சோடாவையும் ஒன்றென்று எண்ணுபவர்கள் உண்டு. சமையல் சோடாவின் காரம் மிக மெலிது, பாத்திர நாற்றத்துக்குச் சரி, துணிப் பிசுக்குக்குப் போதாது.

இதைவிடப் பெரிய குழப்பம், வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றும் வைத்தியம். இரண்டும் சேரும்போது பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். பயோ என்சைமுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் என்று ஊறவைக்கும் இந்தக் கரைசல் தாய்லாந்திலிருந்து பரவியது. புளிக்கப் புளிக்க அது பெரிதும் காடியாகவே ஆகிறது. தரை துடைக்கலாம், கடைசி அலசலில் விட்டால் துணியில் தங்கிய சோடாவை முறிக்கும். பிசுக்கு நீக்கும் வேலையை அதனிடம் கேட்பது நியாயமில்லை.

நம் ஊர்க் கறைகளின் ராஜா மஞ்சள். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறி வயிற்றைக் கலக்கும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், பயப்பட ஒன்றுமில்லை. அதே குர்குமின் வெயிலுக்குத் தாங்காது. ஈரத்தோடு இரண்டு பகல் கொடியில் கிடந்தால் மங்கி மறையும். பிளீச்சுக்கு இதைவிட மலிவான மாற்று உலகத்தில் கிடையாது, நமக்கு அது வருடத்தில் பத்து மாதம் இலவசம். மாடி இல்லாத அடுக்ககத்துக்காரர்களுக்கு மட்டும் இந்த வாதம் எடுபடாது. அவர்கள் ‘ஆக்சிஜன் பிளீச்’ என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட்டை வெந்நீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். அது கடைசியில் சோடாவாகவும் ஆக்சிஜனாகவும் தண்ணீராகவும் பிரிந்துவிடும்.

காய்ச்சல்காரர் படுக்கை விரிப்பு, குழந்தையின் மலத்துணி ஆகியவற்றுக்கு எந்தக் கொட்டையையும் நம்ப வேண்டாம். கொதிநீரும் நல்ல சலவைத்தூளும்தான் அங்கே சரி. எல்லா இடத்திலும் இயற்கையைத் திணிப்பது பிடிவாதம் மட்டுமே.

பெட்டிச் செய்தி: தண்ணீர்க் கணக்கு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236.8 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023.6 கோடி லிட்டர். நூற்றுக்கு 28.

கடலில் நேரடியாகச் சேரும் நுண் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருகிறது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். 2017ல் மதிப்பிட்டது. தூளை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. துணியை மாற்றினால் மாறும்.

குற்றம் தூள்மீதா, குழாய்மீதா?

நியாயமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. எல்.ஏ.எஸ். மக்கக்கூடியதுதானே? ஆம். சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியா அதைத் தின்று தீர்த்துவிடும். அப்படியானால் நுரை ஏன்? இங்கே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: அந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில்லாத இடத்தில் எல்.ஏ.எஸ். எளிதில் மக்காது. கூவம், அடையாறு, பெல்லந்தூர் போன்ற மூச்சுத் திணறும் நீர்நிலைகளில் ஆக்சிஜன் எங்கே இருக்கிறது? ஐரோப்பாவின் ஆறுகளில் நுரையை அடக்கிய அதே மூலக்கூறு நம் ஆற்றில் நுரைக்கக் காரணம் இதுதான். பொருள் மாறியது, சுத்திகரிப்பு வந்து சேரவில்லை. பாஸ்பேட்டிலும் பாதிக் கதைதான் பேசப்படுகிறது. ஆகாயத்தாமரைக்கு உரமாகும் பாஸ்பரஸ் சலவைத்தூளிலிருந்து மட்டும் வருவதில்லை, நம் கழிப்பறையிலிருந்தும் வருகிறது. ஊர் மொத்தமும் நாளையே பூந்திக்கொட்டைக்கு மாறினாலும் சாக்கடை சாக்கடையாகவே இருக்கும்.

அதனால் வீட்டில் செய்யும் மாற்றம் வீண் என்று சொல்ல வருகிறோமா? அப்படியும் இல்லை. குழாய் வந்து சேரும் வரை, தூள் குறைந்தால் நுரைக்குப் போகும் பொருள் குறைகிறது என்பது எளிய கணக்கு. ஆனால் எதை எடுப்பது என்பதைத் தண்ணீர் போகுமிடம் தீர்மானிக்க வேண்டும். இங்கேதான் ‘இயற்கை’ என்ற முத்திரை நம்மைத் தடுக்கி விழவைக்கிறது. துவைத்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சும் வீட்டில், எளிய, பழைய, நஞ்சில்லாத சலவை சோடாதான் ஆபத்து. அதன் சோடியம் மண்ணில் தங்கித் தங்கி, நீர் இறங்காத கட்டி மண்ணாக்கிவிடும். புறநானூற்றுப் புலைத்தி கிணறு தோண்டிய அந்தக் களர்நிலத்தை நம் தோட்டத்திலேயே உருவாக்கிக்கொள்வோம். அந்த வீட்டுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் பொருத்தம். பாதாளச் சாக்கடையில் விடுகிற வீட்டுக்குச் சோடாவும் சோப்பும் பொருத்தம்.

குளத்தங்கரையில் துவைக்கிறவர்களுக்கோ கணக்கு தலைகீழ். சப்போனின் மீனின் செவுளைத் தாக்கும் பொருள். இறால் குட்டைகளில் குஞ்சு விடுவதற்கு முன், வேண்டாத மீன்களைக் கொல்லத் தேயிலை விதைப் புண்ணாக்கு போடுவார்கள். அதில் வேலை செய்வதும் சப்போனின்தான். சில நாளில் சிதைந்துவிடும் என்பது உண்மை, அந்தச் சில நாள் மீனுக்குப் போதும். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் தண்ணீருக்கு நண்பனாகிவிடாது.

யார் கை நோகும்?

பழைய முறைக்குத் திரும்பு என்று சொல்பவர்கள் பழைய முறையில் யார் துவைத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. வெள்ளாவி ஒரு தொழில்நுட்பம் மட்டுமில்லை, சாதி விதித்த வேலை. ஊரின் தீட்டுத்துணி வரை சுமந்தவர்களுக்குக் கிடைத்தது படியளந்த தானியமும் வீட்டு வாசலில் வாங்கிய சோறும். தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களுக்கு அந்த வாசலில்கூட நிற்க இடமில்லை. நிர்மா வந்தபோது நடுத்தர வீட்டுக்குள் அந்த வேலை இடம்பெயர்ந்து, பெண்ணின் இடுப்பில் இறங்கியது. மெஷின் வந்து அவள் நிமிர்ந்தாள். இப்போது கொட்டையை உடை, ஊறவை, கொதிக்கவை, வடிகட்டு, தோலைப் புளிக்கவை என்று வரும் ஒவ்வொரு குறிப்பும் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவர் தலையில் மட்டும் ஏறும் பசுமை அதிக நாள் நிற்காது. அளவைக் குறைப்பது, வெயிலில் போடுவது, மறுநாளும் உடுத்தக்கூடிய துணியை அழுக்குக் கூடையில் வீசாமல் மடித்து வைப்பது ஆகியவை யாருக்கும் கூடுதல் வேலை வைக்காத மாற்றங்கள். முதலில் இவைதான் வர வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சலவைத்தூள் பாக்கெட்டில் எந்த வகைப் பொருள் எத்தனை சதவீத வரம்பில் இருக்கிறது என்று அச்சிட்டாக வேண்டும். பாஸ்பேட் உண்டா, நொதி உண்டா, ஒளிர்ப்பான் உண்டா என்று கடையிலேயே படித்துத் தெரிந்துகொள்ளலாம். அப்படியொரு பட்டியல் நம் பாக்கெட்டிலும் இருந்தால், இந்தக் கட்டுரையின் பாதியை வாசகர் தாமே கடையில் நின்று எழுதிவிடுவார்.

விலைக்கு வரும் ‘இயற்கை’ லிக்விடுகளுக்கும் அந்தப் பட்டியல் அவசியம். பூந்திக்கொட்டையை வீட்டில் கொதிக்கவைத்து வடித்த சாறு நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும். பிரிட்ஜில் வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் பூந்திக்கொட்டை லிக்விட் பாட்டிலைக் கையில் எடுப்பவர்கள், முன்பக்கத்துப் பச்சை இலையைப் பார்த்த பிறகு பின்பக்கத்தையும் திருப்பி, அதைக் கெடாமல் காப்பது யார் என்று பெயரைத் தேடிப் பார்க்கலாம்.